படத்தில் இல்லாத பக்கத்து வீடு

திண்டிவனம்,
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மெர்லின் எழுதுவது. இங்கே எனக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பசி மட்டும் உண்டு. மாமா எப்படி இருக்கிறார்? உன்னைப் பற்றி நீ எழுதுவதில் பாதியைத்தான் நம்புவேன். அதனால் அவரைப் பற்றியாவது சரியாக எழுது.

நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது என்று மாமா கொடுத்த தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன். "ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கினு இருங்க. எழுதும்போது குறுக்கால பேச முடியாதில்ல" என்றாரே, அந்த மனுஷனுக்கு எத்தனை நாள் வேதனையோ.

கிறிஸ்துமஸ் அன்று நான் சொன்னது தப்பில்லை, சொன்ன விதம் தப்பு. டாக்டரம்மா உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபோது கூட நின்றவள் நான். "பொகை நிக்கணும், இல்லன்னா அடுப்பு நிக்கணும். அடுத்த தீபாவளி வரைக்கும்தான் பார்ப்பேன்" என்றார். அந்தப் பயத்தில்தான் களிக் கடையை மூடிவிட்டு என்னோடு வந்துவிடு என்று கத்தினேன். கத்தியதற்கு மன்னிப்பு. பயத்துக்கு மன்னிப்பு கேட்க முடியாது.

என் வேலையைக் கேட்டாயே. மேம்பாலத்துக்குப் பக்கத்தில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கனடாவில் கட்டப்போகிற வீடுகளை நாங்கள் முன்னாலேயே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுகிறோம். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் பழகியாயிற்று. இப்போது என்னைக் கணப்பு அடுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். ஹாலில், சோபாவுக்கு எதிரே, சுவரில் பொந்து விட்டு அதற்குள் விறகு எரிப்பார்களாம். சமைப்பதற்கு இல்லை, குளிர் காய்வதற்கு. பிறந்ததிலிருந்து விசிறி மட்டையோடு அலைகிற என்னிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். எனக்காக ஜெபம் செய்.

உன் தங்கை,
மெர்லின்


மரியே வாழ்க

கோலியனூர்,
30.1.2025

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் உன் மாமா, நான், கடை மூன்று பேரும் சுகம். இதில் நீ நம்பாத பாதி எது என்று நீயே முடிவு செய்துகொள்.

குறுக்கே பேச முடியாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படிக்கும்போது நாலு இடத்தில் "ஏய்" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். மாமா ஆட்டோ துடைப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

கடையை மூடுகிற பேச்சை இனிமேல் எடுக்காதே. கூட்டுரோட்டில் பஸ் மாறுகிற ஜனமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிற ஜனமும் விடிந்ததும் என் கேப்பைக் களியையும் நெத்திலிக் குழம்பையும் தேடி வருகிறார்கள். அந்தக் களியை விறகடுப்பில், பெரிய பானையில், நின்று கிண்டினால்தான் அந்தப் பக்குவம் வரும். நீ வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பைக் குறை சொல்லவில்லை. டீ போட நல்ல அடுப்பு.

ஊரில் எங்கே போனாலும் நான் இருதயராஜ் பெண்டாட்டி. கடையில் நின்றால் மட்டும்தான் அமலா. "அமலாக்கா, இன்னொரு உருண்டை வையி" என்று முகம் தெரியாதவன் கேட்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் உனக்குப் புரியாது. அதை விடச் சொன்னால் விடமாட்டேன்.

இருமல் விட்டுவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், நல்ல காற்று.

ஹாலில் நெருப்பை வைத்து அதற்கு எதிரே சோபா போட்டு உட்காருகிறார்களா? ஒரு சோளக்கதிராவது சுட்டுத் தின்பார்களா என்று கேட்டு எழுது.

ஜெபத்தில் உன்னை மறக்காத
அக்கா அமலா


திண்டிவனம்,
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், வேலையும் தப்பித்தது. ஏன் தப்பித்தது என்கிறேன் என்பதைக் கீழே படி.

முதலில் உன் கடிதம். கவரைப் பிரித்ததும் என் ரூமில் இருக்கிற பெண் எழுந்து உட்கார்ந்து "யாருடி கருவாடு சுட்டது" என்றாள். காகிதத்தில் அவ்வளவு புகை வாசம். வேப்பமரத்தடியில் எழுதினேன் என்கிறாய். நோட்டு மட்டும் அடுப்படி அலமாரியில் குடியிருக்கிறதோ?

இப்போது என் மானம் போன கதை. கணப்பு அடுப்பை வைப்பது சுலபம். கம்ப்யூட்டரில் விதவிதமாக இருப்பதில் ஒன்றை இழுத்துச் சுவரில் விட்டால், சுவர் தானாக விலகி இடம் கொடுக்கும். புகைபோக்கிதான் தானாக வளராது. கீழ்த்தளத்தில் ஒரு துண்டு, மாடியில் ஒரு துண்டு, கூரைக்கு மேல் ஒரு துண்டு என்று நாமே எழுப்ப வேண்டும். மாடித் தரையையும் கூரையையும் அதற்குத் தக்கபடி வெட்டிவிட வேண்டும். நான் முதலில் எழுப்பிய புகைபோக்கி மாடியில் ஒரு கட்டிலின் நடுவே ஏறியது. அதைத் திருத்தினேன். பதினொரு வீடு வேகமாக முடித்து மேலதிகாரி ஆர்த்தி மேடத்திடம் காட்டினேன். அவர் மயிலத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். படத்தை மேலிருந்து கீழாகக் குறுக்கே வெட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஊட்டுல நெருப்பு போட்டா பொகை எந்த வழியா போவும்?"

"மேல போவும் மேடம்."

"மேலதான் சிலாப் போட்டு மூடி வெச்சிருக்கியே."

"தொறந்து வெச்சா மழை உள்ள எறங்காதா மேடம்?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. பதினொரு வீட்டுக்கும் அப்படித்தான் மூடியிருந்தேன், அக்கா. அத்தனை வெள்ளைக்காரக் குடும்பமும் ஹாலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படங்கள் இன்னும் கனடாவுக்குப் போகவில்லை என்பதால் பிழைத்தேன். எனக்கு இப்போது ஆபீஸில் பேரே சிம்னி.

அன்றைக்கு ரூமுக்கு வந்து யோசித்தேன். யாரும் சொல்லித்தராமல் என் கை ஏன் அதை மூடியது? பெஞ்சல் புயல்தான். உன் அடுப்படிக் கூரையில் புகை போக விட்டிருந்த ஓட்டை வழியாகக் கொட்டிய தண்ணீரில் அடுப்பு கரைந்து நாலு நாள் கடை நடக்கவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். திறந்த ஓட்டை என்றாலே எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருகிறது.

அந்த ஓட்டையை நீ இப்போது என்ன செய்து வைத்திருக்கிறாய்?

அவர்கள் சோளக்கதிர் சுடுவதில்லையாம். ஏதோ ஒரு மிட்டாயைக் குச்சியில் குத்திச் சுடுவார்களாம்.

உன்
மெர்லின்


மரியே வாழ்க

கோலியனூர்,
11.3.2025

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போய் வருகிறோம். மாமா பீடியை விட்டிருக்கிறார், பாஸ்காப் பண்டிகை வரைக்கும்தான் என்று இப்போதே நாள் எண்ணுகிறார்.

பதினொரு வீட்டையும் நீ மூடின கதையைக் கடையில் சொன்னேன். களி தின்றுகொண்டிருந்த கண்டக்டருக்குப் புரை ஏறியது. மல்லாட்டைக் கடலையை வறுத்து ஒரு பொட்டலம் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் எல்லோருக்கும் கொடு, கருவாடு என்று சொன்னவளுக்கும் கொடு.

பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன் அண்ணன் மாடி எடுக்கிறார். புயலில் வாய்க்கால் அடைத்துக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்று அன்றைக்குச் சொன்னாரே, அதோடு பேச்சு இல்லை. நமக்கு என்ன, நன்றாகக் கட்டட்டும்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா அமலா


கோலியனூர்,
14.3.2025

மெர்லினுக்கு,

மாமா இருதயராஜ் எழுதுகிறேன். சுகமாக இரு. மல்லாட்டைப் பொட்டலத்துக்குள் இதை வைத்திருக்கிறேன், உன் அக்காவுக்குத் தெரியாது.

நீ கேட்ட ஓட்டைக்கு உன் அக்கா பதில் எழுதவில்லை என்று தெரியும். தகரம் போட்டு, மேலே நாலு செங்கல் வைத்து மூடியிருக்கிறாள். புயல் முடிந்த மறுநாளே மூடினாள். புகை போக வாசல் ஒன்றுதான் வழி. களி கிண்டிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரம் பேச்சு வராது. அப்போதுதான் உனக்குக் கடிதம் எழுதுகிறாள். பேச முடியாதபோது எழுதுவது வசதி போலிருக்கிறது.

தகரத்தை எடு என்றால், "மறுபடி மழை வந்து அடுப்பு கரைஞ்சா யாரு கட்டுவா? கடை நாலு நாள் நின்னா ஜனம் அடுத்த கடைக்குப் பழகிக்கினு போயிடும்" என்கிறாள். அதுவும் சரிதான். எனக்கு இரண்டு பக்கமும் சரி என்று படுகிறது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் எழுதினேன் என்று சொல்லாதே.

இருதயராஜ்


திண்டிவனம்,
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மல்லாட்டை வந்தது, அன்றைக்கே காலி. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. இனி வருகிற எல்லாக் கணப்பு அடுப்பும் எனக்குத்தான் என்று ஆர்த்தி மேடம் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். பழகுவதற்கு, முழுக்க எனக்குத் தெரிந்த ஓர் இடத்தை வரைந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். உன் அடுப்படியின் நீளம், அகலம், கூரை உயரம், அடுப்பு எங்கே இருக்கிறது எல்லாவற்றையும் அளந்து அனுப்பு. சும்மா பழகத்தான்.

உன்
மெர்லின்


மரியே வாழ்க

கோலியனூர்,
22.4.2025

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். பாஸ்கா பூசைக்கு நீ வராதது எனக்கு வருத்தம்தான், ஆனால் லீவு இல்லை என்றால் என்ன செய்வாய்? மாமா பூசை முடிந்து கோவில் வாசலிலேயே பீடி பற்றவைத்தார்.

சும்மா பழகத்தான் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு மாமாவைப் பார்த்தேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவுக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார். டயரில் காற்று நிறைய இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்காதீர்கள். தகரம் போட்டு மூடியது நிஜம். இருமல் இருப்பதும் நிஜம். போதுமா?

உனக்குப் பயமென்றால் எனக்கு இல்லையா? தீபாவளியை நினைத்தாலே டாக்டரம்மா முகம் பானைக்குள்ளே தெரிகிறது. ஆனால் ஓட்டையைத் திறந்தால் மழை, மூடினால் புகை. இதில் நீ என்ன வரையப்போகிறாய்?

இருந்தாலும் அளந்தேன். என்னிடம் டேப் இல்லை, என் கையால் அளந்தேன். நீளம் எட்டு முழம். அகலம் ஆறு முழம் ஒரு சாண். கூரை உயரம், அடுப்பு இருக்கிற சுவரோரம் ஐந்தரை முழம். அடுப்பு இரண்டு முழம் அகலம், கிழக்குச் சுவரை ஒட்டி. கூரை சிமெண்ட் ஷீட், அது உனக்கே தெரியும். என் முழம் எவ்வளவு என்று நீ குழம்புவாய். அதனால் ஒரு நூலை வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். அதுதான் என் ஒரு முழம்.

அக்கா அமலா


திண்டிவனம்,
11.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசியில் ஆபீஸே சொர்க்கம்.

உன் நூலை ஸ்கேல் மேல் நீட்டிப் பார்த்தேன். பதினேழே முக்கால் அங்குலம். என் முழத்தைவிட ஓர் அங்குலம் அதிகம். அந்தக் கையால் எத்தனை முறை எனக்கு விழுந்திருக்கிறது என்று ஞாபகம் வந்து சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். மதியச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து உன் அடுப்படியைச் செங்கல் செங்கலாகக் கட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் விறகடுப்பு இல்லை. கனடாக்காரர்கள் அடுப்பு ஒன்றையே குட்டையாக்கி, வாயை அகலமாக்கி, மேலே பானையை வைத்தேன். கிட்டத்தட்ட உன் அடுப்பு மாதிரியே வந்துவிட்டது.

படம் இத்துடன் இருக்கிறது. அடுப்புக்கு மேலே கவிழ்த்த புனல் மாதிரி ஒரு கூண்டு. அதிலிருந்து கூரைக்கு மேலே போகிற சிமெண்ட் குழாய். குழாய் கூரையைத் துளைக்கிற இடத்தைச் சுற்றித் தகரப்பட்டை வைத்துப் பூச வேண்டும், அப்போது ஓரத்தில் ஒழுகாது. குழாயின் தலையில் நாலு கால் வைத்த தகரத் தொப்பி. மழை தொப்பியில் விழும், புகை கால்களின் இடைவெளியில் போகும். ஓட்டையைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். பதினொரு வீட்டைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது இது.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. குழாய் கூரைக்கு மேலே மூன்றடி நிற்க வேண்டும். பத்தடிக்குள் வேறு ஏதாவது உயரமாக இருந்தால் அதைவிட இரண்டடி மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் காற்று அதில் மோதித் திரும்பி வந்து புகையை உள்ளே தள்ளிவிடும். படத்தில் பத்தடிக்குள் எதுவும் இல்லை, அதனால் மூன்றடி போதும்.

கொத்தனார் சவுரிராயன் அண்ணனிடம் இந்தப் படத்தைக் கொடு. தலைகீழாகப் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன்
மெர்லின்


மரியே வாழ்க

கோலியனூர்,
22.6.2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

புகைபோக்கி கட்டியாயிற்று. சவுரிராயன் அண்ணன் படத்தை வாங்கி அரைமணி நேரம் பார்த்தார். "யாரு போட்டது? இந்த மாதிரி எல்லாப் பக்கமும் காட்டுற படம் எந்த இஞ்சினியரும் எனக்குக் குடுத்ததில்ல" என்றார். உன் தங்கச்சியா உன் தங்கச்சியா என்று நாலு முறை கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தை லேமினேட் செய்து கடையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். களி தின்ன வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டுகிறேன்.

புகை எல்லாம் மேலே போய்விடுகிறது. அடுப்படியில் உட்கார்ந்தேதான் இதை எழுதுகிறேன். இனி நீ கவலைப்படாமல் வேலையைப் பார்.

அக்கா அமலா


திண்டிவனம்,
29.6.2025

அக்காவுக்கு,

நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஜனவரியில் நீ எழுதிய காகிதத்தைவிட இது அதிகமாக வாசம் அடிக்கிறது. என் ரூம் பெண் கருவாடு என்றுகூடச் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் வருத்தப்படக் கூடாது என்றுதானே பொய் எழுதினாய்? லேமினேட் செய்து மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நின்று இருமுகிறாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது.

மறுநாள் ஆர்த்தி மேடத்திடம் படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூண்டு சரி. குழாய் சரி. பக்கத்துல யார் ஊடு?"

"பாண்டுரங்கன் அண்ணன் ஊடு மேடம். இப்ப மாடி எடுத்துக்கினு இருக்காங்க."

"எங்க இருக்கு அது?"

படத்தில் உன் அடுப்படியைச் சுற்றி நாலு பக்கமும் பச்சைப்புல். அவ்வளவுதான். கனடா வீட்டைச் சுற்றிப் புல்தான் இருக்கும், கம்ப்யூட்டர் தானாகவே புல்லை விரித்துவிடும். தினமும் அதையே பார்த்துப் பார்த்து, கோலியனூரில் ஏது புல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலடிச் சந்து தாண்டினால் பாண்டுரங்கன் அண்ணன் சுவர். நீ மார்ச்சிலேயே மாடி எடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்தேன், வரையவில்லை. உன் மூன்றடிக் குழாய் அந்தச் சுவரின் இடுப்புக்குக்கூட வந்திருக்காது.

அவர் மாடிச் சுவர் தரையிலிருந்து எத்தனை முழம் என்று அளந்து எழுது. பேச்சு இல்லை என்றெல்லாம் சொல்லாதே. இந்தத் தடவை நிஜத்தை எழுது.

மெர்லின்


மரியே வாழ்க

கோலியனூர்,
3.8.2025

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மாமா சுகம். நான் பரவாயில்லை. இது நிஜமான பரவாயில்லை.

பழைய நோட்டு, அதனால்தான் வாசம் என்று எழுதித் தப்பிக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது. நிஜம் இதுதான். முதல் இரண்டு நாள் புகை ஜோராக மேலே போனது. மூன்றாம் நாள் மேற்கிலிருந்து காற்று அடித்தது, போன புகை எல்லாம் அப்படியே குழாய் வழியாகத் திரும்பி என் முகத்தில் இறங்கியது. அவ்வளவு ஆசையாக வரைந்து அனுப்பிய பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? உன் படத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாண்டுரங்கன் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போக ஒரு மாதம் ஆனது. நாலு முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன். கடைசியில் நூலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவருடைய சம்சாரம் ஜெயம் அக்காதான் கதவைத் திறந்தாள்.

"மாடிச் செவுத்தை அளக்கணும்க்கா" என்றேன்.

"எதுக்கு?"

"எங்க ஊட்டுக் குழாய ஒசத்தப்போறேன். பொகை திரும்பி வருது."

ஜெயம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க ஜல்தி வாங்க" என்று கத்தினாள். நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன். அவள் சொன்னாள், "உங்க பொகை மேல மாடி ஜன்னல்ல நொழஞ்சி காயப்போட்ட துணியெல்லாம் கருவாட்டு நாத்தம். சொன்னா சண்டை ஆயிடும்னு ஒன்றரை மாசமா வாய மூடிக்கினு இருக்கோம்மா."

அந்த வீட்டிலும் என்னைப் போலத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள். பாண்டுரங்கன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாய்க்கால் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் நூலை வாங்கி மாடியிலிருந்து கயிறு விட்டு அவரே அளந்தார். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துப் பதினாறு முழம்.

"அவ்ளோ ஒசரம் குழாய் தனியா நிக்காது. காத்துல ஆடும். எங்க செவுத்துல கிளாம்ப் அடிச்சிக்கோம்மா. நானே துளை போட்டுத் தர்றேன்" என்றார். புதுச் சுவர், இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

இப்போது நீ புல்லை எடுத்துவிட்டு அவர் வீட்டை வரைந்து புதுப்படம் அனுப்பு. பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டதற்கு, என் தங்கை பெரிதாகப் போடுகிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்கு ஒரு புது நோட்டு வாங்கப்போகிறேன். ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா அமலா


மரியே வாழ்க

கோலியனூர்,
26.10.2025

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

உன் மாமா சுகம், நான் சுகம், பாண்டுரங்கன் அண்ணன் வீட்டிலும் சுகம். எழுதச் சொன்னார்கள்.

நீ அனுப்பிய புதுப்படத்தின்படி குழாய் அவருடைய கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரண்டடி மேலே நிற்கிறது. மூன்று இடத்தில் கிளாம்ப். படத்தில் அவர் வீட்டு மாடியில் ஒரு கொடியும் அதில் சேலையும் வரைந்திருந்தாயே, அதைப் பார்த்து ஜெயம் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "கம்ப்யூட்டர்ல என் பொடவ" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அவளுக்கும் ஒன்று லேமினேட் செய்து கொடுத்துவிட்டேன்.

தீபாவளி போன திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமையே டாக்டரம்மாவிடம் போனேன், யாரும் சொல்லாமல், நானாக. குழாயை முதுகில் வைத்தார், நெஞ்சில் வைத்தார், மறுபடி முதுகில் வைத்தார். "தெளிஞ்சிருக்கே. என்ன பண்ண?" என்றார். சொன்னேன். "சரி, அடுப்ப வெச்சிக்க. மறுபடி பொகை உள்ள வந்தா என்கிட்ட வராத, உன் தங்கச்சிகிட்ட போ" என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாமா பயந்துபோய் ஆட்டோவை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னால் நின்ற பஸ் அடித்த ஹாரன் விழுப்புரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நாலு நாளாக விடாத மழை. கூட்டுரோட்டில் முழங்கால் தண்ணீர். தொப்பியில் மழை விழுகிற சத்தம் கேட்கிறது, அடுப்பில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அடுத்த கடை இரண்டு நாளாகத் திறக்கவில்லை. நம் கடையில் நேற்று களி பத்து மணிக்கே தீர்ந்துபோய் இரண்டாம் பானை வைத்தேன். நனைந்து வருகிறவர்கள் அடுப்பைச் சுற்றி நின்று குளிர் காய்கிறார்கள். கனடாக்காரர்கள் ஏன் ஹாலில் நெருப்பு வைக்கிறார்கள் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஒரு பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன். சோளக்கதிரும் சுட்டுக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் அடுப்பு எரிகிறது, களி கொதிக்கிறது. நீ நம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். ஜூனில் இதே மாதிரி எழுதினவள்தானே நான்? அதற்காகத்தான் ஆகஸ்டில் புது நோட்டு வாங்கினேன். குழாயை உயர்த்தின அன்றைக்கு அதை அடுப்புக்கு மேலே இருக்கிற அலமாரியில் வைத்தேன். இரண்டு மாதத்துக்கும் மேலாக அங்கேயேதான் இருந்தது, யாரையும் தொடவிடவில்லை. இன்றைக்குத்தான் எடுத்து முதல் தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

போன் போட்டு ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். போனில் வாசம் வராதே. தாளை மூக்கில் வைத்துப் பார். உன் ரூம் பெண்ணிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல். நெத்திலிக் குழம்பு வாசம் கொஞ்சம் வந்தால் அது என் கை.

உன் அக்கா,
அமலா